பூங்கொடியின் வயிற்றில் கண்ட நீலத் தடங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமாரே, ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பத்தாவது வரை படித்து, பயிற்சி முடித்து, திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவதும் காலையில் பூசைக்குப் போவதும்தான் என் வேலை. பூசையில் முழங்காலில் நிற்கும்போது சில நாள் ஒரு பெண்ணின் கால் ஞாபகத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு ஜெபம் அதோடு நின்றுபோகும். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவளிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

அவளைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்வோம். அவள் அம்மா வெள்ளையம்மா. புருஷனை இழந்தவர். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் தக்காளி போட்டுப் பிழைக்கிற குடும்பம். பூங்கொடியைப் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்திலுக்குக் கொய்யாத் தோப்பு. தினமும் கொய்யா ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வருவார்.

பூங்கொடிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இரண்டும் ஐந்தாம் மாதத்தில். இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நம் பக்கத்து வழக்கம்தான். அதுவரை ஆயக்குடிச் செவிலி பார்த்துக்கொண்டிருந்த பெண், அன்றிலிருந்து என் பொறுப்பு.

முதல் தடவை பார்க்கப் போனபோது வெள்ளையம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "இந்தத் தடவ என் வீட்டுலதான் பேறுகாலம் நர்ஸம்மா. ஆத்தா தங்க வெச்சிருக்கா" என்றார். எனக்குக் காபி போட உள்ளே போனதும், பூங்கொடி சட்டென்று என் கையைப் பிடித்துச் சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். தொப்புளைச் சுற்றி வயிறு முழுக்க நீலமும் பச்சையுமாகத் தடங்கள். சிலது பழசு, சிலது புதுசு.

நாம் என்ன நினைப்போம்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

"யாருடி? அவனா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, அவரா? கொசுவ அடிக்கிறதுக்கே ரெண்டு தரம் யோசிப்பாருக்கா. இது ஊசி போட்ட தடம்."

பிறகு குசுகுசுவென்று சொன்னாள். இரண்டாவது பிள்ளை போனபிறகு மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் சீக்கிரம் உறைந்துபோகிற சுபாவம் அவள் உடம்புக்கு இருக்கிறது, அதனால்தான் நஞ்சுக்கொடிக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்துப் பிள்ளை நிற்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரையும் தினம் ஒரு ஊசியும் எழுதிக் கொடுத்தார். மருந்து நிரப்பியே வருகிற சின்ன ஊசி, வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. செந்தில் அதைப் போடக் கற்றுக்கொண்டார். கரு நின்ற நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் அவர்தான் போட்டுவருகிறார்.

"நல்ல காரியந்தானே. இதுல என்ன ரகசியம்?"

"எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுக்கா. எங்கம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்."

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது தடுப்பூசி போட்டார்களாம். போட்டு இரண்டு நாளில் பிள்ளை போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வெள்ளையம்மாவுக்கு அந்த ஊசிதான் எமனாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மகளைச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, அவள் கையைத் தன் தலையில் வைத்து, "இனிமே வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஊசி போட மாட்டேன்னு சொல்லு" என்று வாங்கிவிட்டார். ஸ்கேனுக்கு வருவார், மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுப்பார், செக்கப் ஒன்றுகூடத் தவறவிட மாட்டார். ஊசி மட்டும் கூடாது.

"சத்தியத்த மீறிட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிரும்க்கா. ஏற்கெனவே நெஞ்சு படபடப்பு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி இந்தப் புள்ளைய மடியில வெச்சுக் கொஞ்சுவேன்?"

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. நான் தலையாட்டினேன். சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கோயில், ஜெபமாலை என்று வளர்ந்தவள். ஆணையிட்டுச் சத்தியம் பண்ணக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஏன் கூடாது? ஆணை அவ்வளவு கனமானது என்பதால்தானே. வேறு செவிலியாக இருந்தால், "சத்தியமாவது ஒண்ணாவது" என்று சிரித்துவிட்டு அன்றைக்கே வெள்ளையம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகிப் போனது.

செந்தில் தினமும் வந்தார். காலையில் கொய்யாவைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு, பைக்கில் இங்கே வந்து, மாமியாருக்கு ஒரு பை பழத்தைக் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "போயிட்டு வர்றேனுங்க அத்தை" என்று கிளம்பிவிடுவார். தெருவே சிரித்தது. எதிர்வீட்டு ராக்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ வெள்ளை, ஒன் மருமகன் கொய்யாப்பழம் விக்க வாராரா, கதவச் சாத்த வாராரா?"

"சும்மா கெடடி."

"நாங்களுந்தான் பிள்ள பெத்தோம். எங்க வீட்டு ஆம்பள வளைகாப்புக்குப் பெறகு பிள்ளைக்கிப் பேரு வைக்கத்தான் வந்து எட்டிப் பாத்தான். இவரு என்னடான்னா தெனம் ஆயக்குடியிலருந்து ஆஜர்!"

வெள்ளையம்மாவும் ஆரம்பத்தில் சிரித்தார். போகப் போக அவருக்குக் கூச்சமாகிவிட்டது. மாசமாக இருக்கிற பெண்ணைத் தாய்வீட்டில் விட்டபிறகு இப்படியா என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். "நீயாச்சும் அந்தப் பையங்கிட்ட நாசூக்காச் சொல்லு நர்ஸம்மா" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றப்போன வெள்ளையம்மா வயிற்றைப் பார்த்துவிட்டார்.

அன்று நான் அதே தெருவில் ஒரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். "நர்ஸம்மா! இங்க வா, வந்து இந்தக் கொடுமையப் பாரு" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓடினேன். வாசலில் செந்தில் பழப் பையோடு நிற்கிறார், அப்போதுதான் பைக்கை நிறுத்தியிருக்கிறார். உள்ளே ஈரத் தலையோடு பூங்கொடி. தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"தெனமும் வந்து கதவச் சாத்திக்கிட்டு இதத்தான் பண்ணுனியா? வயித்துப் புள்ளக்காரிய நுள்ளி நுள்ளி வெச்சிருக்கியே, நீ மனுசனா?"

"அத்தை, நான் அப்படிப்பட்டவனில்லீங்க."

"பேசாத. ங்க, ங்கன்னு நீ பவ்வியமாப் பேசுறப்பவே நெனச்சேன். இம்புட்டுப் பதமாப் பேசுறவந்தான் உள்ள வெச்சு மிதிப்பான். இனி இந்த வாசப்படி மிதிச்ச, நடக்கிறதே வேற."

செந்தில் பூங்கொடியைப் பார்த்தார். அவள் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று. அவர் பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பினார். கூடியிருந்த பெண்களில் ஒருத்தி துப்பினாள். அது அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு நர்ஸம்மா. இது என்ன?"

பூங்கொடி என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் சொன்னேன்: "ரத்தம் கம்மியா இருந்தாச் சில பேருக்கு இப்படித் தடம் விழும்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

"நீயும் அவனுக்கு வக்காலத்தா?" என்றார் வெள்ளையம்மா. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் உடம்பில் காயத்தைப் பார்த்த தாய் வேறென்ன செய்வார்? காயத்தைப் பார்த்தால் சந்தேகப்படு என்றுதானே நமக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சரியாகத்தான் பார்த்தார். காரணம் அவரிடம் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செந்திலைப் பார்த்தேன். கூடையில் கொய்யா அப்படியே இருந்தது. விற்கிற ஆள் மாதிரியே அவர் நிற்கவில்லை.

"தம்பி, உங்க அத்தைகிட்ட உண்மையச் சொல்லிருங்க. இப்படிக் கெட்ட பேரச் சுமக்கணுமா?"

"பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுதுங்க சிஸ்டர். அவ வேண்டாங்கறா. அவ சொல்லாம நான் சொன்னா, அப்பறம் அவ எதையும் எங்கிட்டச் சொல்ல மாட்டாளுங்க." ஊசிகள் இருந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க போனாக் கதவச் சாத்திக்கலாமுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு நாளும் விட்டறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

அன்றிலிருந்து நான் போட்டேன். பிரஷர் பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். வயிற்றில் போட்டால் வெள்ளையம்மா மறுபடி பார்த்துவிடுவார் என்று தொடையில் போட்டேன். ஊருக்கே நல்லவளாகிவிட்ட மாதிரி எனக்குள் ஒரு திருப்தி. பிள்ளைக்கும் ஆபத்தில்லை, சத்தியமும் அம்மா காதுக்குப் போகவில்லை, எல்லாவற்றையும் நான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. ஒருநாள் மெதுவாக, "நீயே ஒங்கம்மாகிட்டச் சொல்லேன், நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். அவள், "புள்ள பொறக்கட்டும்க்கா. புள்ளைய எங்கம்மா மடியில போட்டுட்டுச் சொல்றேன். அப்பக் கோவம் வராது, நெஞ்சும் அடிச்சுக்காது" என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

தங்கச்சிமாரே, கர்ப்பத்தில் ரத்தம் என்ன ஆகிறது என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். எனக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒருத்தர் சொன்னதுதான் மனதில் நின்றது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி உயிர் போய்விடக் கூடாது என்று, மாசமானதிலிருந்தே உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறைகிற மாதிரி தயார்செய்து வைக்கிறது. அது ஆண்டவன் செய்த ஏற்பாடு. ஆனால் அதே ஏற்பாடு சில பேருக்குக் காலை வாரிவிடும். வயிறு பெருக்கப் பெருக்க, காலிலிருந்து மேலே ரத்தம் ஏறுகிற குழாய்களை அழுத்துகிறது. சொட்டுநீர்க் குழாய் மேல் உரமூட்டையை வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். ரத்தம் தேங்கினால் உறையும். உறைந்த கட்டி அங்கேயே கிடந்தால் கால் போச்சு. பிய்த்துக்கொண்டு மேலே நெஞ்சுக்குப் போனால் ஆளே போச்சு. சாதாரணப் பெண்ணுக்கே இப்படி என்றால், பூங்கொடி மாதிரி உடம்புக்காரிக்கு அந்த ஊசி ஒன்றுதான் வேலி.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வட்டாரத்தில் காய்ச்சல் பரவியது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க எங்களில் சிலரை அனுப்பினார்கள். எனக்கும் உத்தரவு வந்தது. என் கிராமங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள். கெட்டிக்காரப் பெண். கர்ப்பிணிகளைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பூங்கொடியின் ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ரகசியம் அல்லவா! புதுப்பெண் வாய் தவறி வெள்ளையம்மாவிடம் சொல்லிவிட்டால்?

ஊசி டப்பாவைப் பூங்கொடியிடமே கொடுத்தேன். எங்கே கிள்ளிப் பிடிக்க வேண்டும், எப்படிக் குத்த வேண்டும் என்று காட்டினேன். "நீயே போட்டுக்குவியா?" என்றேன். "போட்டுக்குவேன்க்கா" என்றாள். அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. அல்லது நான் கேட்க விரும்பவில்லை. போன இடத்திலிருந்து தினமும் அவளுக்குப் போன் போட்டேன்.

"போட்டுக்கிட்டியா?"

"போட்டேன்க்கா."

"வலிச்சுச்சா?"

"இல்லக்கா. ஏலே... கோழி உள்ள வருது பாரு. வெச்சிர்றேன்க்கா."

செந்திலுக்கும் அதையே சொன்னேன். "கெட்டிக்காரிங்க" என்றார், சந்தோஷமாக.

வேலை முடிந்து திரும்பிய அன்றே அவள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மா சூடு பண்ணின எண்ணெயை அவள் இடது காலில் ஊற்றி, முட்டிக்குக் கீழே இறுக்கி இறுக்கி உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளையம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் எறங்கியிருக்கு நர்ஸம்மா" என்றார். "எட்டு மாசத்துல யாருக்குத்தான் கால் வீங்கல. செத்த நேரம் உருவி விட்டாச் சரியாப் போகும்."

நான் காலைப் பார்த்தேன். வலது காலில் கொலுசு வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இடது காலில் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

"கைய எடு!"

ராக்கம்மா பயந்துபோய்க் கையை எடுத்தாள். "என்னா? நல்லாத்தான உருவுறேன். எம் மருமகளுக்கும் நாந்தான்..."

"பேசாதக்கா. தொடாத. யாரும் தொடாதீங்க."

நான் இரண்டு கெண்டைக்கால்களிலும் கை வைத்துப் பார்த்தேன். இடது கால் கொதித்தது. தொட்டதும் அவள் முகம் சுருங்கியது. குனிந்து அவள் காதருகில் கேட்டேன், "போட்டியா?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒரு நாளும் போடலக்கா. ஊசிய எடுப்பேன். கை வராது. எங்கம்மா தலை ஞாபகத்துக்கு வந்துரும். நாளைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம்னு..." மூச்சை இழுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "மூச்சு விட்டா இங்க குத்துதுக்கா. காலையிலருந்து." நெஞ்சின் பக்கவாட்டில் கையை வைத்துக் காட்டினாள்.

நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். வெள்ளையம்மா எழுந்துவிட்டார்.

"கால் வீங்குனதுக்கு எதுக்குடி வண்டி? அங்க கொண்டுபோயி ஊசியப் போட்டு இதையும் போக்குறதுக்கா? நான் அனுப்ப மாட்டேன்." போய் வாசலை மறித்துக் கையை விரித்து நின்றார். மடியிலிருந்த பூவெல்லாம் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. கூட வந்த பையன் பிரஷரையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே, "என்னென்ன மருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டான். பூங்கொடி என்னைப் பார்த்தாள். உதடு அசையாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்க்கா. வேண்டாம்.

அந்த நேரத்தில் யோசிக்க நேரமில்லை என்று சொல்வார்கள். அப்படியில்லை. எல்லா யோசனையும் ஒரே நேரத்தில் வந்தது. சொன்னால், இந்தப் பெண் இனி ஒரு செவிலியையும் நம்ப மாட்டாள். சொல்லாவிட்டால், அங்கே டாக்டர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் போகும், தாயும் வாசலை விட மாட்டார். மாதாவே, நீயும் ஒரு பிள்ளையைச் சுமந்தவள்தானே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு ஊசி. கரு நின்னதுலருந்து தெனமும். இப்ப இந்தக் காய்ச்சல் வேலைக்கு நான் போன நாள்லருந்து போடல. வெள்ளையம்மா, அந்தத் தடமெல்லாம் ஊசி போட்ட தடம். ஒங்க மருமகன் கதவச் சாத்திக்கிட்டுப் போட்டது அதத்தான். அந்த ஊசியாலதான் இந்தப் புள்ள எட்டு மாசம் நின்னுச்சு."

வெள்ளையம்மா விரித்த கையைக் கீழே விட்டார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"சத்தியம்?" என்றார்.

பூங்கொடி அழுதாள். "ஒனக்கு ஏதாச்சும் ஆயிரும்னுதாம்மா..."

அவர் வாசலிலிருந்து விலகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டிக் கதவு சாத்தும்வரை அவர் அங்கேயே நின்றார். ஏறவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை. அந்த அவசரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

திண்டுக்கல்லில் பார்த்து, உடனே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். செந்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொய்யாக் கூடையை விட்டுவிட்டு ஓடி வந்தார். தொடை வரைக்கும் கட்டி ஏறியிருக்கிறது, ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று சொன்னார்கள். செந்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போட்டேன்னு சொன்னாளேங்க" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

ஆண்டவன் அவளைப் பிழைக்க விட்டுவிட்டான். பல நாள் போராட்டத்துக்குப் பிறகு தப்பினாள். அங்கேயே வைத்திருந்து, மாதம் நெருங்கியதும் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. நல்ல எடை. அழுதது ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது என்று செந்தில் போனில் சொன்னார்.

ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. இப்போதும் சாயங்காலமானால் இடது கால் கனத்து வீங்கிவிடும். இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறாள். வயலில் நிற்க முடியாது. பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டபடி தூரமாகப் போக முடியாது. காலைத் தேய்த்து உருவியதாலா, ஊசி போடாமல் விட்டதாலா என்று கேட்டேன். டாக்டர், ஊசி போடாமல் விட்டதுதான் முதல் காரணம், உருவியதால் கட்டி பிய்ந்து நெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்றார். நான் யார் மேல் பழி போடுவது? ராக்கம்மா அன்பாகத்தான் உருவினாள்.

பிரசவமானதும் பூங்கொடி ஆயக்குடிக்கே போய்விட்டாள். பேறுகாலம் தாய்வீட்டில் நடக்கவில்லை. செந்தில் வெள்ளையம்மாவை ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலில் விழப் போனபோது, "அட விடுங்க அத்தை" என்று விலகிக்கொண்டாராம். விழ விடவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த வீட்டு வாசலையும் அவர் மிதிக்கவில்லை. கோபமில்லை, கால் வரவில்லை என்றார். தெருவில் துப்பியது அவருக்கு மறக்கவில்லை போலும்.

இதிலிருந்து ஒன்றிரண்டு சொல்கிறேன். எட்டு மாதத்தில் இரண்டு காலும் வீங்குவது வேறு, ஒரு கால் மட்டும் வீங்குவது வேறு. ஒரு காலைப் பார்த்தால் இன்னொரு காலையும் சேர்த்துப் பாருங்கள். வீங்கின காலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அந்த வட்டாரத்தில் உங்களுக்குப் பதிலாக வருகிற செவிலியிடம் எந்த மருந்தையும் மறைக்காதீர்கள். ரகசியம் என்பது வீட்டுக்காரர்களிடம்தான், உங்களோடு வேலை பார்க்கிறவளிடம் இல்லை. அந்தப் புதுப்பெண்ணிடம் நான் சொல்லியிருந்தால் அவள் தினமும் போட்டிருப்பாள். இது என் கைப்பிசகு.

நோயாளி கேட்டுக்கொண்ட ரகசியத்தை உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடைக்கக் கூடாதுதான். ஆனால் அதைச் சுமப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தவறினேன். ஒரே ஒரு தடவை சொன்னேன், அவள் மறுத்ததும் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கும் கேட்டு, மறுநாளும் கேட்டு, அவளே தன் வாயால் சொல்லும்படி செய்திருக்க வேண்டும்.

பல மாதம் கழித்து வெள்ளையம்மாவைப் பார்க்கப் போனேன். வேறு வேலையாகத்தான் அந்தப் பக்கம் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மல்லிகைக் காட்டில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பறிப்பதை நிறுத்தவில்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"எனக்கென்ன. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நெஞ்சுகூட இப்பப் படபடக்கல." கொஞ்ச நேரம் பறித்தார். "சத்தியத்த மீறுனா எனக்குத்தான் ஆகணும்? எனக்கு ஒண்ணும் ஆகல. அவ காலுக்குப் போயிருச்சு."

"அப்படி இல்லம்மா. அது ரத்தம் உறையிற வியாதி. ஒங்க சத்தியத்தால வந்ததில்ல."

"நீ படிச்சவ, சொல்ற." அவர் நம்பவில்லை. எத்தனை முறை சொன்னாலும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. மருத்துவத்தைச் சொன்னேன், என் சாமியைச் சொன்னேன், அவர் சாமியையும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு செடியிலிருந்து நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா நர்ஸம்மா? அந்தச் சத்தியத்துல இருந்தது என் தலை. ஏம் மகளா, என் தலையான்னு எங்கிட்டக் கேட்டிருந்தா, போனாப் போகுது, ஊசியப் போடுடின்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவ சின்னப்புள்ள, பயந்துட்டா. மாப்ள அவ சொல்லத் தட்ட மாட்டாரு. நீ தெனமும் என் வீட்டுக்கு வந்தே, என் கையால காபி வாங்கிக் குடிச்சே. நீயாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.